கறுப்பு வெள்ளைப் படங்களும் ஒரு மரண அறிவித்தலும்

எங்கள் தொலைக்காட்சியின் ஆண்டு மலருக்கு இனிமையான நினைவுகளாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் இனிமையைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் இருக்கிற இனிமை அரைப் பக்கத்துக்கும் காணாது. ஆனால் மலருக்காகக் கேட்டு வந்த துஷி, போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாள். துஷி இப்போது மரண அறிவித்தல் வாசிக்கிற பிள்ளை. இங்கே லண்டனிலேயே பிறந்து, சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். அறிவித்தலில் உறவுகளை எல்லாம் வாசித்து முடித்து, கடைசியில் "ஆவார்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிறுத்தம் விடவேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

"ஏன் அன்ரி அந்த இடத்திலை நிக்கவேணும்? ஆரைக் கேட்டாலும் அது எங்கடை ஸ்டைல் எண்டுதான் சொல்லினம்" என்றாள்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஊரில் ஆங்கிலம் படிப்பித்து, பிறகு பரிஸில் கந்தோர் அறைகள் கூட்டித் துடைத்து, அதன் பிறகு லண்டன் வந்தவள். இவ்வளவுதான் என் தகுதி. வெம்பிளியில் ஓர் அரிசி மொத்தக் கடையின் மேல்மாடியில் எங்கள் நிலையம் இருந்தது. பின்னால் ரயில் பாதை. மெட்ரோபொலிற்றன் லைன் ரயில் போகும்போதெல்லாம் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். சத்தம் வராமலிருக்கச் சுவரில் பழைய குயில்ற் போர்வைகளை ஆணியடித்து மாட்டிய ஒரு சின்ன அறைதான் குரல் கொடுக்கிற இடம். கோடை காலத்தில் அதற்குள் போய் வந்தால் குளித்த மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், பின்னேர வேளைக்குப் போட எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இந்தியப் படங்களுக்கு விலை சொல்லி மாளாது. யாரோ ஒரு விநியோகஸ்தர் உரிமைக்காலம் முடிந்த பழைய அமெரிக்கப் படங்களை மூட்டையாகக் கொடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. தமிழில் குரல் கொடுத்துப் போட்டால் வீட்டிலிருக்கிற வயது போன சனம் பார்க்கும் என்பது எங்கள் பணிப்பாளர் குலசிங்கம் அண்ணையின் கணக்கு. கணக்குச் சரியாகத்தான் வந்தது. லண்டனின் எட்மண்டன், பார்க்கிங் பகுதிகளிலிருந்து அம்மாமார் தொலைபேசி எடுத்து, அடுத்த படம் எப்போது என்று கேட்டார்கள்.

குலசிங்கம் அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே பேசுவார். துடைக்கத் தொடங்கினால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். எவ்வளவு மன்றாடினாலும் அந்தக் கண்ணாடி துடைபட்டுக்கொண்டேயிருக்கும். நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் சாவென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். என்னை அந்த வயதிலும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அவர் கொண்டுவந்த ஒரு நடைமுறை இருந்தது. ஒரு படத்தை மொழிபெயர்க்க முன்னம் எல்லோரும் தேத்தண்ணியோடு உட்கார்ந்து அதை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அவர் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, ஆட்கள் திரையில் வர வர, "இவருக்கு அவர் என்ன முறை?" என்று கேட்பார். முறை தெரியாமல் ஒருவரும் படத்துக்குள் வரக்கூடாது. வெள்ளைக்காரப் பெயர்கள் எங்கள் சனத்துக்குப் பிடிபடாது, உறவைச் சொன்னால் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். அது பொய்யில்லை. வாடகைக்கு வீடு கொடுத்தவளை மாமியாக்கினோம். கடன் கொடுத்தவனைப் பெரியப்பாவாக்கினோம். துப்பறிகிறவனுக்கு உதவிக்கு வந்தவன் சித்தப்பா மகன் ஆனான். நியூயோர்க் நகரம் முழுவதையும் ஒரே குடும்பமாக்கிவிட்டோம். அந்த நாட்களில் நாங்கள் நன்றாகச் சிரித்தோம்.

ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் மச்சான். இரண்டு பெண்கள் இருந்தால் அக்கா தங்கை. அதற்குக் கண்ணாடியைத் துடைக்கவும் வேண்டியதில்லை, உடனே சொல்லிவிடுவார்.

எங்களிடம் குரல் கொடுக்க நாலு பேர் இருந்தார்கள். அதில் சேகரின் குரல் தனி. இராசசேகரம் முழுப்பெயர். ஊரில் வானொலி நாடகத்தில் நடித்தவன். என்னை அக்கா என்று கூப்பிடுவான். எங்கள் மரண அறிவித்தல்களை வாசித்ததும் அவன்தான். அவன் வாசித்தால் செத்தவருக்கே ஒரு மதிப்பு வந்த மாதிரி இருக்கும் என்று சனம் சொல்லும். வெம்பிளியில் ஒரு சீலைக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் நித்தி என்பவரோடு இருந்தான். நித்தி சுவிஸிலிருந்து வந்தவர், மின்சார வேலை செய்கிறவர். எங்கள் நிலையத்தின் வயர்கள் எல்லாம் அவர் கை பட்டவை. அவரை எல்லோரும் "சேகரின்ரை மச்சான்" என்றுதான் சொன்னார்கள். யாருடைய தங்கையை யார் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் சனம் ஒரு விஷயத்தைக் கேட்காமல் விடுகிறது என்றால், அதற்குப் பதில் தெரிந்திருக்கிறது என்றுதான் கருத்து.

அந்த மூட்டைப் படங்களைப் பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படி செய்துகொண்டு போனோம். அப்போதுதான் எனக்கு ஒன்று கண்ணில் படத் தொடங்கியது. பேசும் படம் வந்த புதிதில் எடுத்த நகைச்சுவைகளில் ஓர் ஆள் அடிக்கடி வருவான். தையற்காரனாகவோ ஹோட்டல் மனேஜராகவோ இருப்பான். இடுப்பை வளைத்து நடப்பான், கைக்குட்டையை விசிறுவான், பெண்களைக் கண்டால் உடுப்பைப் பற்றி மட்டும் பேசுவான். வந்து, சிரிப்பு வாங்கிக்கொண்டு போய்விடுவான். குலசிங்கம் அண்ணைக்கு அந்த ஆளில் நல்ல விருப்பம். "இன்னும் கொஞ்சம் குழைச்சுப் பேசுங்கோ தம்பி" என்று சேகருக்குச் சொல்வார்.

சில ஆண்டுப் படங்கள் தள்ளி அந்த ஆள் காணாமல் போனான். ஏன் என்று நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். படக் கம்பனிகள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகள் வகுத்து, அதைப் பார்க்க ஓர் அலுவலகமும் வைத்துக்கொண்டார்களாம். ஆணை விரும்புகிற ஆணும் பெண்ணை விரும்புகிற பெண்ணும் திரையில் இருக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. ஆனால் அவர்கள் முழுக்கப் போகவில்லை. வாசனை பூசிய கைக்குட்டையோடும் மெல்லிய பேச்சோடும் வில்லனாகத் திரும்பி வந்தார்கள். சிறைச்சாலைக் காவல்காரியாக, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்தார்கள். எழுதுகிறவர்கள் ஒரு பார்வையையும் ஒரு மௌனத்தையும் படத்துக்குள் ஒளித்துவைத்தார்கள், தெரிந்தவனுக்குத் தெரியட்டும் என்று. பிறகு விதிகள் தளர்ந்த காலத்தில் அப்படிப்பட்டவர் இன்னாரென்று கிட்டத்தட்டச் சொல்லவும் விட்டார்கள். ஆனால் படம் முடிய முன்னம் அவர் சாகவேண்டும். தூக்கில் தொங்குவார், சுடுபடுவார், மாடியிலிருந்து விழுவார். உயிரோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த ஒருவரை அந்த மூட்டையில் நான் காணவில்லை.

கோமாளிக்கும் வில்லனுக்கும் சாகிறவனுக்கும் சேகர்தான் குரல். குழைவான குரல் அவனிடம்தான் இருந்தது. ஒரு நாள் ரயில் போகக் காத்திருந்த நேரம், அவன் தண்ணீர்ப் போத்தலைத் திருகிக்கொண்டு சொன்னான்: "அக்கா, இந்தச் சனலிலை நான் எத்தனை தரம் செத்திட்டன் எண்டு பாத்தனீங்களே? ஒருக்காலும் வயது போய்ச் சாகேல்லை."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் நித்தியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேம்ஸ் கரையிலிருக்கும் பழைய படத் தியேட்டருக்குப் போய் இந்த மாதிரிப் படங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் என்று அன்றைக்குத்தான் சொன்னான். எந்த இடத்தில் கமெரா ஆளை விட்டு ஜன்னலுக்குப் போகிறதோ அந்த இடத்தைக் கவனிக்கவேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்ததும் அவன்தான். அதன் பிறகு நித்தியை மச்சான் என்று நான் சொல்லவில்லை.

எங்களுக்குள் முறுகல் வந்தது ஒரு துறைமுகப் படத்தில். இரண்டு பேர் சேர்ந்து படகு திருத்துகிற கொட்டில் ஒன்று வைத்திருப்பார்கள். மேல்மாடியில் ஒரு அறை, அதில் இருவரும் இருப்பார்கள். ஊர் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கும். அவமானம் தாங்காமல் இளையவன் புயலுக்குள் படகை எடுத்துக்கொண்டு போவான், திரும்பி வரமாட்டான். பொலிஸ்காரர் அவனுடைய தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்து, "நீ அவனுக்கு என்ன வேணும்?" என்று மற்றவனைக் கேட்பார். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பான். பிறகு, "நான் அவனோடு இருந்தேன்" என்பான். வேறொன்றும் சொல்லமாட்டான். அந்த வசனத்தில் பிடித்து வெட்ட ஒன்றும் இல்லாதபடியால்தான் அமெரிக்கத் தணிக்கைக்காரர் விட்டிருக்கவேண்டும்.

குலசிங்கம் அண்ணை பலகையில் ஏற்கெனவே அண்ணன் தம்பி என்று எழுதியிருந்தார். தம்பி செத்துப்போனான், அண்ணன் அழுகிறான், சனத்துக்கு விளங்கும் என்றார். அந்த இடத்தில் "நான் அவன்ரை அண்ணன்" என்று போடச் சொன்னார். அதுவரை ஒன்றும் கேட்டிராத சேகர், அந்த ஒரு வசனத்தை உள்ளபடி விடும்படி கேட்டான். நானும் சேர்ந்து கேட்டேன். அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, ஆரெண்டு கேட்டால் ஆரெண்டு சொல்லவேணும். இருந்தனான் எண்டால் அது ஒரு பதிலே?"

அண்ணன் என்றுதான் பதிவாகியது. ஒளிபரப்பான அன்றே அம்மாமார் தொலைபேசி எடுத்தார்கள். அந்த அண்ணன்காரன் பாவம், என்ன பாசம் என்று சொல்லி அழுதார்கள். அண்ணை எங்களைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்பதுபோலத் தலையாட்டினார். அமெரிக்காவில் இதைச் செய்ய ஓர் அலுவலகமும் சட்டப் புத்தகமும் தேவைப்பட்டன. எங்களுக்கு ஒரு வெள்ளைப் பலகை போதுமாக இருந்தது.

பிறகு இந்த நாட்டில் சட்டம் வந்தது. இரண்டு ஆண்கள்கூட உள்ளூர்க் கவுன்சிலில் போய்ப் பதிந்து, தம்பதிக்குரிய உரிமையோடு இருக்கலாம் என்றார்கள். சேகரும் நித்தியும் பதிந்தார்கள். சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. நித்தி புதுச் சேட் போட்டு, கழுத்து இறுக்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதிவுகாரப் பெண் பெயர்களைத் திக்கித் திக்கி வாசித்தாள். முடிந்தபின் மூன்று பேரும் போய் மசாலாத் தோசை சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இதுதான் மலருக்கான இனிமையான நினைவு. எடுத்துக்கொள்ளுங்கள்.

நித்தி ஒரு மாரி காலத்தில் திடீரென்று போனார். வேலைக்குப் போன வீட்டில் ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் சேகரைத்தான் கூப்பிட்டார்கள். அவனிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள், அவர் கைமணிக்கூட்டையும் வீட்டுத் திறப்புக் கொத்தையும் அவன் கையில்தான் கொடுத்தார்கள். நான் கூடவே நின்றேன். அங்கே ஒருவரும் நீ யார் என்று அவனைக் கேட்கவில்லை.

கேட்டது நாங்கள்தான். மரண அறிவித்தல் கொடுக்கவேண்டும். எங்கள் சனத்துக்கு அறிவித்தல் இல்லாத சாவு சாவே இல்லை. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற சொந்தம் அதைக் கேட்டுத்தான் அழத் தொடங்கும். அதற்கு ஒரு மாறாத வாய்ப்பாடு உண்டு. பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், பிறகு துணை, பிள்ளைகள், சகோதரர், மைத்துனர் என்று ஒவ்வொருவராக வந்து, கடைசியில் "ஆவார்" என்று முடியும். பார்க்கிங்கிலிருந்து நித்தியின் தமையனார் வந்தார். சேகரும் வந்தான். நால்வரும் அண்ணையின் அறையில் இருந்தோம்.

சேகர் கேட்டது ஒன்றே ஒன்று. "இராசசேகரத்தின் அன்புத் துணைவரும்" என்று வரவேண்டும். தமையனார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் தாய்க்கு வயது போய்விட்டது, அவவின் காதில் இது விழக்கூடாது என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தம்பியைப் பறிகொடுத்தவர். பறிகொடுக்காத ஒருவர் கதிரையில் இருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இராசசேகரத்தின் உடன்பிறவாச் சகோதரர் என்று போடுவோம், அது பெரிய சொல், எல்லோருக்கும் அப்படிப் போடுவதில்லை என்றார் அண்ணை. கவுன்சில் பதிவு இருக்கிறது, நானே சாட்சி என்றேன். அப்போது அவர் சொன்ன வசனத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மிகவும் ஆறுதலாக, என் நன்மைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அது இங்கிலீசிலை இருக்கட்டும் பிள்ளை. தமிழிலை வேண்டாம்."

சேகர் எழும்பினான். நான்தான் வாசிப்பேன் என்று மட்டும் சொன்னான். அண்ணைக்குப் பெரிய நிம்மதி. இந்த நிலையிலும் கடமை தவறாத பிள்ளை என்று தமையனாருக்குச் சொன்னார்.

குயில்ற் அறைக்கு வெளியே சேகரைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் இந்தத் தண்டனை, வேறு யாரும் வாசிக்கட்டுமே என்றேன். அவன் தாளை மடித்து விரித்துக்கொண்டிருந்தான்.

"வேறை ஆரும் வாசிச்சால் அந்தப் பொய்யையும் வாசிச்சுப் போடுவினம் அக்கா. நான் பொய்யை வாசிக்க மாட்டன். உண்மையை வாசிக்க விடுகினம் இல்லை. அந்த இடத்திலை சும்மா நிப்பன்."

உள்ளே போனான். எங்கள் வழக்கத்தில் அறிவித்தல் நேரடி ஒளிபரப்பாகத்தான் போகும். திரையில் நித்தியின் படம் வந்தது, பதிவுக்குப் போட்ட அதே சேட்டின் கழுத்து மட்டும் தெரிய வெட்டி. சேகரின் குரல் பிறப்பிடத்தில் தொடங்கியது. வதிவிடம், காலஞ்சென்ற தகப்பனார், ஊரிலிருக்கும் தாயார், அன்புச் சகோதரர், பாசமிகு மைத்துனி எல்லாம் தெளிவாக, ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. நித்தி கட்டுப்பாட்டு அறைத் திரையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ரயில் ஒன்று போனது, அதுவும் ஒளிபரப்பில் போயிருக்கவேண்டும். பிறகு சேகர், "ஆவார்" என்றான். கிரியைகள் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் வாசித்தான். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டான்.

அந்த மௌனம் யாருக்காவது கேட்கும் என்று நான் நம்பினேன். இவ்வளவு காலம் அமெரிக்கப் படங்களில் ஒளித்துவைத்த மௌனங்களைக் குந்தியிருந்து பார்த்த சனம் ஆயிற்றே, ஒருவராவது கண்டுபிடிக்க மாட்டார்களா என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்றேன். தொலைபேசிகள் வந்தன. மச்சான்காரனுக்காக அந்தத் தம்பி வாசிக்கேலாமல் நின்றாரே, மனம் தாங்கவில்லை என்றார்கள். உடன்பிறந்த சகோதரம்கூட இப்படி உருகாது என்றார்கள். ஒருவர் பின் ஒருவராக அதே சொல். நான் ரிசீவரை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

அண்ணைக்கு அந்த நிறுத்தம் நன்றாகப் பிடித்துப்போனது. உடன்பிறவாச் சகோதரர் என்ற சொல் விடுபட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்தில் நா எழவில்லை என்று நினைத்தாரா, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. செத்தவீடு முடிந்த பிறகு சேகர் வேலைக்கு வரவில்லை. அவன் இடத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு அண்ணையே பக்கத்தில் நின்று பழக்கினார். உறவெல்லாம் வாசித்து முடிய, "ஆவார்" சொல்லமுன்னம், சேகர் நின்ற மாதிரி நின்று வாசிக்கவேண்டும், சனத்துக்கு நெஞ்சில் தைக்கும் என்றார். சில காலத்தில் சேகரின் பெயர் கழன்றுபோய், நிறுத்தம் மட்டும் மிஞ்சியது. இப்போது அது எங்கள் ஸ்டைல்.

போன மாதம் சேகரைப் பார்க்கப் போனேன். அதே சீலைக் கடை மாடி. நித்தியின் கருவிப் பெட்டி இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எங்கள் தொலைக்காட்சிச் சனலை அவன் பார்ப்பதில்லை, அதனால் இந்த நிறுத்தத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று பிறகு பட்டது. அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"படத்திலை அத்தனை தரம் செத்தது காணாதே அக்கா? இப்ப எல்லாற்றை செத்தவீட்டிலையும் என்ரை பேரை விடுகினமோ?"

இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

துஷி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அது மரியாதைக்கு விட்ட இடம் இல்லை, மூச்சு வாங்க விட்ட இடமும் இல்லை. அங்கே ஒரு மனிதனின் பெயர் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். நாளைக்கு நீ வாசிக்கிற ஆளுக்கு அப்படி ஒருவர் இருந்தால் பெயரைச் சொல்லி வாசி. இல்லையென்றால் அந்த இடத்தில் நிற்காதே. அது உன்னுடைய மௌனம் இல்லை.